அரிக்கட்டும், முட்டை சாப்பிடுங்க

முட்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மஞ்சள் கருவைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றார்கள். எப்படி இருக்கிறது கதை!

கூப்பிட்டவள் கவிதா. நான் வேலையில் இருந்த காலத்தில் எனக்குக் கீழே வேலை பழகிய பெண். இப்போது பத்து காஜா பக்கம் ஒரு கிளினிக்கில் தாதியருக்குத் தலைவியாக இருக்கிறாள். பொது மண்டபத்தில் சத்துணவுப் பேச்சு ஒன்று ஏற்பாடு செய்து, ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருத்தி பேசினால் சனம் கேட்கும் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் ஊரில் தாதி என்றால் மிஸ்ஸிதான். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் மிஸ்ஸிதான்.

"மிஸ்ஸி, வெள்ளக் கருவப் பத்தி எவ்ளோ வேணும்னாலும் பேசுங்க. மஞ்சக் கரு வேணாம்லா. போன தடவ ஒரு அங்கிள் எந்திரிச்சு, வாட்சாப்ல வேற மாதிரி போட்டுருக்குன்னு ஒரே சண்ட."

"சண்டை வந்தா வரட்டுமே. நான் வேற எதுக்கு வாரேன்?"

"ஐயோ மிஸ்ஸி!" என்று போனை வைத்தவள்தான். பேச்சு தள்ளிப் போய்விட்டதாக அடுத்த நாள் செய்தி வந்தது. சரி, மண்டபம் இல்லாவிட்டால் என்ன? எழுதுகிறேன். எழுந்து நின்று குறுக்கே பேச இங்கே எந்த அங்கிளும் இல்லை.

என் பெயர் ஸ்டெல்லா மேரி. கோலா கங்சார் போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். தோட்டத்து மாதாகோயில் சாமியார் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் எனக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், ஊசி போடக் கற்றேன், மலாயில் பரீட்சை எழுதி இரண்டு முறை அழுதேன், தேறினேன். நான் வேலை கற்றுக்கொண்டதெல்லாம் பிறகு கோப்பெங் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில், சிஸ்டர் யோங் என்ற சீனத் தலைமைத் தாதி அம்மாவிடம்தான்.

சிஸ்டர் யோங் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி கழன்றால் எங்கள் கையிலிருந்து கிடுக்கி தானாகக் கீழே விழும். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை அவருடைய ராஜ்யம். நோயாளி வந்து உட்கார்ந்ததும் கட்டைப் பிரிக்க விடமாட்டார். முதலில் சாப்பாட்டைக் கேட்க வேண்டும். நோயாளி 'சோறு' என்பார். எல்லாரும் 'சோறு' என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் விடமாட்டார். "லௌக் அபா?" என்பார். சோறு சரி, கூட என்ன? அந்தக் 'கூட என்ன'வுக்குப் பதில் வராமல் கட்டு அவிழாது.

பிறகுதான் மற்றதெல்லாம். கையைக் கழுவ வேண்டும். கழுவியது போதாது என்று அவருக்குத் தோன்றினால் மறுபடி கழுவ வேண்டும். பழைய துணி புண்ணோடு ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. உப்பு நீரை ஊற்றி ஊற வைத்து, அது தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நேற்று முளைத்த சதையும் சேர்ந்து வந்துவிடும். துணி விட்டதும் குனிந்து முகர வேண்டும். முகத்தைச் சுளிக்கக் கூடாது. பிறகு நிறம். மாதுளை முத்து மாதிரி சிவந்து பொடிப்பொடியாக இருந்தால் நல்ல சதை. மஞ்சளாகப் படிந்திருந்தால் கழிவு. வெளுத்து, நீர் கோத்து, சோம்பிக் கிடந்தால், "இந்த ஆள் சாப்பிடவில்லை" என்பார் சிஸ்டர். கடைசியில் ஒரு கண்ணாடித் தாளை மேலே வைத்துப் புண்ணின் ஓரத்தைப் பேனாவால் வரைவோம். போன வாரத்துக் கோட்டின் மேல் இந்த வாரத்துக் கோட்டை வைத்தால் புண் சுருங்குகிறதா, விரிகிறதா என்று தெரிந்துவிடும்.

சதை எதிலிருந்து முளைக்கும்? சாப்பாட்டிலிருந்துதான். கஞ்சியும் ரசமும் குடித்துக்கொண்டு சதை வளர்க்க யாராலும் முடியாது. எங்கள் சனத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில், பல் இல்லாதவரும் மென்று விழுங்கக் கூடியதாய், எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கிற புரதம் முட்டைதான். வெள்ளைக் கருவில் புரதம். மஞ்சள் கருவிலும் புரதம் உண்டு, கண்ணுக்கும் தோலுக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய சத்துகளும் அதில்தான் இருக்கின்றன. பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைப் புகழ எனக்கு வாய் வராது. கொழுப்புக் கணக்கு பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடட்டும். மற்றவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

விரதம் இருப்பவரிடம் நான் ஒரு நாளும் முட்டையை நீட்டியதில்லை. புரட்டாசியில் வருபவருக்குப் பருப்பு, மொச்சை, சோயாவில் செய்த தாவு, தெம்பே என்றுதான் சொல்வேன். சாமிக்கு நேர்ந்துகொண்டதில் எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கெல்லாம் பயத்தோடுதான். எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூன்று பேரும் ஒத்துப்போகிற விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று, புண் இருக்கும்போது முட்டை சாப்பிட்டால் அரிக்கும், சீழ் வைக்கும் என்பது. இந்தப் பத்தியத்துக்குப் 'பந்தாங்' என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்குப் பந்தாங், அறுவை செய்தவருக்குப் பந்தாங். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை சோகை பிடித்த கர்ப்பிணி ஒருத்தியை முட்டை சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். அடுத்த தடவை புருஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "தெனமும் கோப்பிக் கடையில அரவேக்காடு ரெண்டு, சோயா கிச்சாப் ஊத்தி, மொளகு போட்டு வாங்கிக் குடுக்குறேன் மிஸ்ஸி!" தலையில் கையை வைத்துக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அரைவேக்காடு ஆகாது, கிருமி இருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, நன்றாக வேக வைக்க வேண்டும் என்று சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், ஆசையாய்ச் செய்தவன். அன்றிலிருந்து 'முட்டை' என்று மட்டும் சொல்வதை விட்டேன். 'வெந்த முட்டை' என்றுதான் சொல்வேன்.

ஆறுமுகம் அண்ணன் வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்து லய வீடுகள் இடிபட்டபோது கோப்பெங்குக்கு வெளியே மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், பல வருஷமாக இருந்தது. காலில் ஆணி குத்தியது தெரியாமலே லாரி ஓட்டியிருக்கிறார். தெரிந்தபோது பெருவிரல் கறுத்திருந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டு, தினசரி கட்டுக்கு எங்களிடம் அனுப்பினார்கள். புண் ஆறாவிட்டால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே என்று அவரிடமே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"காலு போச்சுன்னா லாரி போச்சு மிஸ்ஸி. லாரி போச்சுன்னா நான் எதுக்கு?" என்றார் முதல் நாளே. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அவரோடு மனைவி லெட்சுமி அக்கா வருவார். கையில் துண்டு, தண்ணீர்ப் புட்டி, குடை எல்லாம் இருக்கும். கட்டுப் பிரிக்கும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கூட என்ன சாப்பாடு என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். "கோழி, மீனு, முட்ட, எல்லாம் குடுக்குறேன் மிஸ்ஸி." அண்ணன் கூரையைப் பார்ப்பார்.

புண் நகரவில்லை. இனிப்பு நீர் அளவு கட்டுக்குள் இருந்தது, மருந்து சரியாகப் போனது, சிறுநீரகமும் நன்றாக இருந்தது. ஆனாலும் சதை வெளுத்துக் கிடந்தது. கண்ணாடித் தாளில் கோட்டின் மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. சிஸ்டர் யோங் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்குப் போய்ப் பார்" என்றார் மலாயில்.

போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போனேன். மேசையில் பிள்ளைகளுக்கு முட்டைக் குழம்பு, பொரித்த கெம்போங் மீன். அண்ணனுக்குத் தனியாக ஒரு கிண்ணம் கஞ்சி, சுட்ட அப்பளம், எலுமிச்சை ஊறுகாய். எனக்கு வந்ததே கோபம்!

"லெட்சுமிக்கா, என்ன இது? எல்லாம் குடுக்குறேன்னு எங்கிட்டப் பொய்யா சொன்னீங்க?"

"பொய்தான். இப்ப என்ன?" என்றார் அவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "குடுக்கலன்னு சொன்னா நீங்க ஏசுவீங்க. குடுத்தா எம் புருஷன் சாவாரு. எங்கண்ணன் புண்ணோட முட்ட சாப்புட்டுத்தான் செத்தாரு. எனக்குத் தெரியும். நீங்க போயிட்டு வாங்க மிஸ்ஸி."

கதவு வரை கூடவே வந்து என்னை வெளியே விட்டார். மரியாதையாகத்தான் விட்டார், ஆனாலும் விட்டார்.

மறுநாள் மருந்து வாங்க அக்கா வரிசைக்குப் போன நேரம் பார்த்து, அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "மிஸ்ஸி, இங்க முட்ட இருந்தா குடுங்க. அவகிட்டச் சொல்லாதீங்கலா."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களாண்ணே?"

"காலு என்னோடது மிஸ்ஸி."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? எங்கள் பின்கட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில் ஒன்று இருந்தது. அதில் முட்டையைப் போட்டு, நன்றாக வேகும்வரை திரும்பத் திரும்பக் கொதிக்க விட்டேன். அண்ணன் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இப்படியே தினமும் நடந்தது. சிஸ்டர் யோங் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிளகுத்தூள் டப்பா இருந்தது. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை.

டாக்டர்தான் பிடித்துவிட்டார். புதிதாக வந்த இளம் மலாய் டாக்டர். கோப்பி கலக்கப் போனவர் கெட்டிலுக்குள் முட்டையைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, என் கோப்பி ஏன் ஒரு வாரமா கோழி வாசம் அடிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். எல்லாரும் குடிக்கும் பாத்திரத்தில் இது சுத்தக் குறைவு என்றும் சொன்னார். அது நியாயம். அன்று சாயங்காலமே ஈப்போவில் தனியாக ஒரு கெட்டில் வாங்கினேன். ஆனால் நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்றும் அவரிடம் சொன்னேன். அவர் புண்ணைப் பார்த்தார். "நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார்.

புண் விழித்துக்கொண்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். வெளுத்த சதை முதலில் ஒரு ஓரத்தில் சிவந்தது, பிறகு நடுவிலும் சிவந்தது. பேனாக் கோடு உள்ளே நகர்ந்தது. அண்ணன் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அரிப்பு தொடங்கியது.

வீட்டில் உட்கார்ந்து கட்டைச் சுற்றிச் சுற்றிச் சொறிந்திருக்கிறார். அக்கா பார்த்துவிட்டார். என்ன சாப்பிட்டீங்க, யார் குடுத்தது என்று உலுக்கி எடுத்ததில் அண்ணன் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மறுநாள் லெட்சுமி அக்கா தனியாக வந்தார், கிளினிக் நிறைந்திருந்த நேரத்தில்.

"ஏன் மிஸ்ஸி, உங்காளுங்க மதம் மாத்துவாங்கன்னு கேள்விப்பட்டுருக்கேன். நீங்க எம் புருஷன் வாயையே மாத்திட்டீங்களே! அரிக்குதுன்னு துடிக்கிறாரு. இனி அவரு இங்க வரமாட்டாரு. செத்தாலும் என் கைச் சாப்பாட்டச் சாப்புட்டுச் சாவட்டும்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானம், ஆத்திரம் இரண்டும்தான். நானும் கத்தினேன். "அரிக்கட்டும்! அரிக்கிறது நல்லதுக்குத்தான்!" காதில் வாங்காமலே போய்விட்டார்.

புகார் எழுதுவார்கள், என்னை மாற்றுவார்கள் என்று சிலர் குசுகுசுத்தார்கள். மாற்றட்டும் என்றேன். அடுத்த நாள் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கட்டு மாற்றாத புண் அந்த வெயிலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சிஸ்டர் யோங் கட்டுப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "காலைப் பார். சண்டை அப்புறம்" என்றார்.

கதவைத் திறந்தது லெட்சுமி அக்காதான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் முட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "புண்ணக் கழுவிட்டுப் போயிடுறேன்க்கா. கழுவ மட்டும் விடுங்க" என்றேன். அவர் விலகி நின்றார்.

காலை மஞ்சள் பூசிய பழந்துணியால் சுற்றியிருந்தார்கள். உப்பு நீரை ஊற்றி ஊறவிட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பயம். துணி விட்டது. குனிந்து முகர்ந்தேன். கெட்ட வாடை இல்லை. சதை சிவந்தேதான் இருந்தது. ஓரத்தில் நகம் பட்ட கீறல்கள், அதற்குப் பக்கத்தில் புதுத் தோல், மெல்லிசாக, ரோஜா நிறத்தில்.

அக்கா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் கூடவே வந்தவர், அந்தப் புண்ணை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"லெட்சுமிக்கா, இங்க வாங்க. பாருங்க."

"எனக்கு முடியாது மிஸ்ஸி."

"முடியும். உங்க புருஷன் காலுதானே? பாருங்க."

திரும்பினார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"சீழ் இருக்கா? நாத்தம் இருக்கா? இந்த ஓரத்துல தெரியுதே, அது புதுத் தோலு. தோலு புதுசா வளரும்போது அரிக்கும்க்கா. முட்ட சாப்புட்டாலும் அரிக்கும், சாப்புடாட்டியும் அரிக்கும். சாப்புடாட்டி வளராது, அதனால அரிக்காம இருந்துச்சு. அவ்ளோதான்."

 அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கண்ணனுக்கும் இப்புடித்தான் ஓரத்துல ரோஸா வந்துச்சு மிஸ்ஸி" என்றார். "செம்பனக் கொல வெட்டப் போன எடத்துல கத்தி பட்ட காலு. லயத்துல நாந்தான் பாத்துக்கிட்டேன். ஆறிக்கிட்டு வந்துச்சு. அப்பறம் அரிக்குது அரிக்குதுன்னாரு. முட்டையாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் தட்டுலேர்ந்து எடுத்தேன். முட்டய எடுத்தேன், மீன எடுத்தேன், எல்லாத்தையும் எடுத்தேன். வெறுங்கஞ்சி குடுத்தேன். அதுக்கப்பறம்தான் மிஸ்ஸி கறுத்துச்சு." என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான்தானா?"

என் வேலைக் காலத்தில் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் இதைவிடக் கொடிய கேள்வி இல்லை.   அவ்வளவு நேரம் அந்த அம்மாவின் மேல் எனக்கிருந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை.

"உங்கண்ணன் கால நான் பாக்கலக்கா" என்றேன் கடைசியில். "எந்தக் கிருமி போச்சோ, என்னாச்சோ, எனக்குத் தெரியாது. நீங்க அப்ப சின்னப் புள்ள. பெரியவங்க சொன்னதச் செஞ்சீங்க. பாசத்துலதானே செஞ்சீங்க? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தக் காலு. இது பொழைக்கும்."

அண்ணன் கட்டிலில் இருந்தபடியே மனைவி தலையில் கையை வைத்தார். அக்கா அழுதார். நானும்தான். கட்டைப் போட்டு முடிக்கும்வரை கண்ணைத் துடைக்க எனக்குக் கை இல்லை, உறை போட்டிருந்தேன்.

நான் பையை மூடும்போது அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு தட்டோடு வந்தார். முட்டையைத் தரையில் தட்டி, தோலை உரித்து, உப்புத் தொட்டு, இரண்டாகப் பிய்த்தார். மஞ்சள் கரு நன்றாக வெந்திருந்தது. அண்ணன் வாங்கக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. தானே வாயில் ஊட்டினார்.

"சாப்புடுங்க. அரிச்சா, சொறியாம நான் கையப் புடிச்சுக்கிறேன்."

பிடித்துக்கொண்டார். அரிப்பு இருந்தவரை, சாப்பிடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டுக்கும் தவறாமல் வந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் புண் மூடியது. இரண்டு காலிலும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆறுமுகம் அண்ணன் கிளினிக்குக்கு நடந்து வந்தார். காலைக் காட்டுவார் என்று பார்த்தால், சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார். வளையல் மாதிரி சுற்றிலும் சிவந்து, விரல்கள் அழுந்திய தடம்.

"இவ புடிச்ச புடியப் பாருங்க மிஸ்ஸி. காலு ஆறிருச்சு, இப்ப கைக்குத்தான் கட்டுப் போடணும்."

பின்னால் நின்ற லெட்சுமி அக்கா விடவில்லை.

"கை செவந்தா செவக்கட்டும். காலு இருக்குல்ல!"